மூன்றாம் தட்டு: கல்லடியில் ஒரு பட்டிங் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தக் குறிப்பில் வருபவர் கல்லடியைச் சேர்ந்தவர், வயது 54. வளைகுடா நாடொன்றில் 16 வருடம் கணக்காளராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே கம்பனி நண்பர்களோடு பழகிய கோல்ஃப் அவரை விடவில்லை. மட்டக்களப்பில் கிரிக்கெட்டுக்கோ உதைபந்தாட்டத்துக்கோ அரை மணி நேரத்தில் ஆள் சேர்த்துவிடலாம். கோல்ஃப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கையால் நடந்தால் சின்னப் பிள்ளைகள்தான் பின்னால் வருவார்கள். அதனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விடியப்புறம் நாலு மணிக்குக் காரை எடுப்பார். வாழைச்சேனை, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று ஏ15 வீதியால் போய், சீனக்குடாவில் விமானப்படையினர் நடத்தும் மைதானத்தில் ஆடிவிட்டு இருட்டுவதற்குள் வீடு வந்துவிடுவார்.

நான் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். குண்டு போடுதலும் நீளம் பாய்தலும் பழக்கியவன். எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது. அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் நான் அவருடைய தம்பிக்குப் படிப்பித்தவன் என்பதும், கையில் ஒரு குறிப்புப் புத்தகத்தோடு மைதான ஓரத்தில் நாள் முழுக்க நிற்கக்கூடியவன் என்பதும்தான். மூன்றாவது ஆள் அவருடைய மருமகள், அக்காவின் மகள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்துக்கொண்டிருந்தவள். அளவெடுத்தது, கணக்குப் பார்த்தது எல்லாம் அவள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். குழியைச் சுற்றிப் புல்லை மிகக் குட்டையாக வெட்டிய பகுதிதான் கிரீன். அங்கே பந்தை மேலே எழுப்பாமல் தரையில் உருட்டிக் குழிக்குள் விடுவது பட்டிங், அதற்கான கோல் பட்டர். (இந்தச் சொல் அவர் வீட்டில் ஓயாத பகிடி. "பட்டர் எங்க?" என்று கேட்டால் அவருடைய மனைவி குளிர்சாதனப் பெட்டியைக் காட்டுவார்.) குழியின் விட்டம் 4.25 அங்குலம். பந்தின் விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஒரு மைதானத்தின் பார் கணக்கில் (தேர்ந்த ஆட்டக்காரர் எடுக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கைதான் பார்) ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பட்டிங் ஒதுக்கப்பட்டிருக்கும். 18 குழிக்கு 36. எங்கள் மூவருக்குள் ஒரு பட்டிங் என்பதைத் 'தட்டு' என்றே சொல்லிக்கொண்டோம், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் சொன்ன குறை

பெப்ரவரி தொடக்கத்தில் மழை விட்டு வெயில் ஏறிய நாளொன்றில் வந்தார். "சேர், தூர அடியெல்லாம் பரவாயில்ல. கிட்ட நிண்டு தட்டுறதுதான் போகுதில்ல. கை நடுங்குது."

அதற்கு முன்பே அவர் இரண்டு வைத்தியம் செய்து பார்த்திருந்தார். கொழும்பிலிருந்து புதுப் பட்டர் ஒன்று எடுப்பித்திருந்தார், விலையை மனைவியிடம் சொல்லவில்லை. கோலைப் பிடிக்கும் முறையை ஒரு வருடத்துக்குள் மூன்று தரம் மாற்றியிருந்தார். கடைசியாக இடக் கையை வலக் கைக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்த மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரு எண்ணிக்கைகூட எழுதி வைக்கவில்லை. கணக்காளராக இருந்த மனிதர்! அதைச் சொன்னபோது சிரித்தார்.

நான் கேட்டது ஒன்றுதான். இரண்டு ஆட்டம் முடியும் வரைக்கும் எதையும் மாற்றக் கூடாது, பட்டரையும் பிடியையும் இருப்பது போலவே வைத்திருக்க வேண்டும். அரை மனதோடு சம்மதித்தார்.

அவதானித்தது

பெப்ரவரி ஆட்டத்துக்கும் மார்ச் ஆட்டத்துக்கும் நான் கூடப் போனேன். ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று விஷயம் எழுதினேன்: குழியிலிருந்து எத்தனை அடி, பந்து எங்கே நின்றது, குழிக்குக் குறைவாகவா கூடுதலாகவா. தூரத்தை என் காலடியால் அளந்தேன். அரை அடி முன்னே பின்னே இருக்கலாம்.

பெப்ரவரியில் 18 குழிக்கு 41 தட்டு. ஒரே தட்டில் முடிந்தவை 2 குழி, இரண்டில் முடிந்தவை 9, மூன்று தேவைப்பட்டவை 7. மார்ச்சில் மொத்தம் 42, சாயல் அதே.

திரும்பி வரும் வழியில், வாகரையில் தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில், மருமகள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். பெப்ரவரி ஆட்டத்தில் 3 அடிக்குள் இருந்து தட்டியவற்றை மட்டும் எண்ணினாள். 15. தவறியது ஒன்று. "மாமா, உங்கட கை நடுங்கவேயில்லயே" என்றாள்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. தவறியவை எல்லாம் கிட்ட இருந்ததாகத்தான் அவர் நினைவில் நின்றது. புத்தகத்தில் இருந்தது வேறு. மூன்று தட்டுப் போன 7 குழிகளில் 6 இல், முதல் தட்டு 25 அடிக்கு மேலிருந்து அடித்தது. அந்த ஆறிலும் பந்து குழிக்கு 5 அடிக்கும் 8 அடிக்கும் இடையில் நின்றுவிட்டது. ஐந்து தடவை குழிக்கு முன்பே நின்றது, ஒரு தடவை தாண்டிப் போனது. அவர் "கிட்ட நிண்டு தவறினது" என்று சொன்னது உண்மையில் அந்த 5 முதல் 8 அடி இரண்டாம் தட்டுகளை.

8 அடி கிட்ட இல்லை. அமெரிக்க பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை வீரர்களே அந்தத் தூரத்திலிருந்து ஏறக்குறையப் பாதியைத்தான் போடுகிறார்கள். 33 அடியிலிருந்து அவர்களுடைய சராசரியே இரண்டு தட்டு. மாதம் ஒரு முறை ஆடுகிறவர் 7 அடியில் தவறுவதை நோய் என்று சொல்ல முடியாது. நோய் அதற்கு முந்தைய தட்டில் இருந்தது. முதல் தட்டு குழியருகே வந்து நின்றிருந்தால், இரண்டாவது அவர் 15க்கு 14 போட்ட அந்த 3 அடிக்குள் அமைந்திருக்கும்.

இன்னொன்றையும் குறித்திருந்தேன். நீளத் தட்டுகளில் பந்து பக்கவாட்டில் விலகியது பெரும்பாலும் 2 அடிக்குள். நீளவாக்கில் தவறியது 5 முதல் 8 அடி. அவருடைய கவலை முழுக்கத் திசையைப் பற்றியது, இழப்பு முழுக்க வேகத்தில்.

எதை முதலில் தொடுவது

திசையிலும் குறை இருந்தது. கல்லடி வீட்டில் சோதித்தோம். 10 அடி தள்ளிக் குழிக்குப் பதிலாக ஒரு காசை வைத்து, அவரைக் குறி பார்த்து அசையாமல் நிற்கச் சொன்னோம். பட்டரின் முகத்தில், அதாவது பந்தில் படும் பக்கத்தில், தச்சர் மூலைமட்டத்தைப் பொருத்தி, அது காட்டும் திசையில் நூல் இழுத்தோம். பத்துத் தடவையில் எட்டில் நூல் காசுக்கு இடப்பக்கம், இரண்டு அங்குலம் மூன்று அங்குலம் தள்ளிப் போனது.

மருமகள் அதைத் தாளில் போட்டுக் காட்டினாள். 10 அடி என்றால் 120 அங்குலம். பட்டரின் முகம் ஒரு பாகை திரும்பினால் அந்தத் தூரத்தில் பந்து 2.1 அங்குலம் விலகும். குழியின் அரை அகலம் 2.125 அங்குலம். ஒரு பாகைப் பிழையிலேயே பந்து குழியின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. பந்து எந்தத் திசையில் புறப்படும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கோல் வரும் பாதையைவிட, அடிக்கும் கணத்தில் முகம் பார்க்கும் பக்கம்தான்.

அவர் உடனே, "அப்ப முதல்ல இதத் திருத்துவம் சேர்" என்றார். நான் மறுத்தேன். இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் எது பலன் தந்தது என்று பிறகு சொல்ல முடியாது. அதோடு, இடப்பக்கம் குறி பார்ப்பதற்கு ஈடாக அவருடைய மணிக்கட்டு கடைசி நொடியில் கொஞ்சம் திருப்பிக்கொடுத்துக்கொண்டிருந்தது. குறியை மட்டும் நேராக்கினால் அந்தத் திருப்பம் பந்தை வலப்பக்கம் தள்ளும், கொஞ்ச நாள் எல்லாம் குழம்பும். குறைந்த குழப்பத்தில் கூடிய பலன் வேகத்தில் இருந்தது. "மறுகா பாப்பம் தம்பி" என்று முடித்தேன்.

விறாந்தையும் கம்பளமும்

ஏன் அவருடைய பந்து எப்போதும் முன்பே நின்றது? அவர் தினமும் பழகிய இடத்தைப் பார்த்ததும் விளங்கியது. வீட்டு விறாந்தை, சிவப்புப் பூசிய பழைய சீமெந்துத் தரை, மினுமினுவென்று இருக்கும். அதில் பந்தைத் தொட்டாலே போதும், முற்றத்தில் போய் விழும். நாளுக்கு அரை மணி நேரம் கைக்கு "மெதுவாகத் தட்டு" என்று படிப்பித்துவிட்டு, மாதத்தில் ஒரு நாள் புல்லில் அதே கையிடம் வேறொன்றை எதிர்பார்த்தார்.

கிரீனின் வேகத்தை அளக்க ஒரு கருவி இருக்கிறது, ஸ்டிம்ப்மீட்டர். 1935இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் உருவாக்கியது. 1970களில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைத் திருத்திப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. மூன்றடி நீளமான ஒரு தவாளிப்பு, அதன் மேல்பக்கத்தில் பந்து தங்க ஒரு வெட்டு. மெல்லத் தூக்கினால் ஏறக்குறைய 20 பாகைச் சரிவில் பந்து தானாக விடுபட்டு உருளும். எதிரெதிர்த் திசைகளில் ஓடவிட்டு, தூரத்தின் சராசரியை எடுப்பார்கள். நாங்கள் யன்னல் வேலைக்காரர் ஒருவரிடம் மிஞ்சிக் கிடந்த அலுமினியத் துண்டில் அது போல ஒன்று செய்தோம். அதை ஸ்டிம்ப்மீட்டர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் இரண்டு தரைகளை ஒப்பிட அது போதும். மார்ச் ஆட்டத்தன்று அங்கிருந்த அலுவலரிடம் கேட்டு, பழகும் கிரீனில் மட்டும் ஓடவிட்டுக் குறித்துக்கொண்டோம். வீட்டில் அதே துண்டை வைத்தபோது விறாந்தையே போதவில்லை. பந்து படியிறங்கிச் செவ்வரத்தைக்குள் போய்விட்டது.

பிறகு தரை தேடினோம். கல்லடிக் கடற்கரையின் ஈர மணல் சரிவானது, பந்து தடம் பதித்துக்கொண்டு நிற்கிறது. பாடசாலை மைதானப் புல் மிக உயரம். பன்பாயின் வரிகளில் பந்து துள்ளுகிறது. கடைசியில் கலியாண வீடுகளுக்குச் சோடனை செய்யும் ஒருவரிடம், வாடகைக்கு விட முடியாத அளவுக்குத் தேய்ந்த பச்சைக் கம்பளம் 36 அடி கிடைத்தது. சீமெந்தின் மேல் நேராக விரித்தால் இன்னும் வேகம்தான். அடியில் பன்பாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டடுக்குப் போட்டபோது, சீனக்குடாவில் ஓடிய தூரத்துக்கு ஒரு அடி வித்தியாசத்தில் வந்தது. அது போதும் என்று விட்டோம். இந்த வேலைக்கே இரண்டு கிழமை போனது. வீணாகவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நான் விட்ட பிழை

பயிற்சியை நான் குண்டு போடுதல் பழக்கியது போல அமைத்தேன். 10 அடியில் 20 பந்து, பிறகு 20 அடியில் 20, பிறகு 30 அடியில் 20. குழி இல்லை. சோக்கட்டியால் கோடு கீறி, கோட்டிலிருந்து முன்னே பின்னே 3 அடிக்குள் நின்றால் சரி என்று எண்ணினோம். மூன்று கிழமையில் 30 அடியில் 20க்கு 17 வந்தது. மூவரும் மகிழ்ந்தோம்.

ஏப்ரலில், புதுவருடம் முடிந்து போன ஆட்டத்தில் 41 தட்டு. ஒரு மாற்றமும் இல்லை.

வரும் வழியெல்லாம் காரில் யாரும் கதைக்கவில்லை. வெருகல் பாலம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பளத்தில் அவர் முதல் இரண்டு பந்துகளைத் தவறவிடுகிறார், மூன்றாவதிலிருந்து சரியாக்கிக்கொள்கிறார். மைதானத்தில் மூன்றாவது பந்து கிடையாது. ஒரு குழிக்கு ஒரு முதல் தட்டுத்தான், அடுத்தது பத்து நிமிடம் கழித்து வேறொரு தூரத்தில். நான் பழக்கியது தூரத்தைக் கணிக்க அல்ல, முந்தின பந்தைத் திருத்த. ஒரே வேலையைத் தொடர்ந்து செய்வதைவிட மாற்றி மாற்றிச் செய்யும்போது பழகும் நேரத்தில் பிழை கூடும், ஆனால் கற்றது நிலைக்கும். ஆசிரியர் கலாசாலையில் நான் படித்த பாடம்தான் இது, சமயத்தில் நினைவு வரவில்லை.

ஏப்ரல் கடைசியிலிருந்து முறையை மாற்றினோம். ஒரு பந்து மட்டும். 8 அடி முதல் 34 அடி வரை தூரங்களைத் துண்டுகளில் எழுதி டப்பாவில் போட்டு, மருமகள் ஒன்றை எடுத்துச் சொல்வாள். அவர் நடந்து போய், தூரத்தைப் பார்த்து, குழி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணை வைத்துக்கொண்டே இரண்டு வெறும் வீச்சு வீசி, பிறகு ஒரே தட்டு. திருத்தம் இல்லை. மைதானத்தில் போலவே பையைக் கீழே வைத்து எடுக்கவும் சொன்னேன். நாளுக்கு 18 தட்டு, அவ்வளவுதான்.

வீச்சிலும் ஒன்றைச் சேர்த்தோம். தூரம் கூடினால் வேகமாகக் குத்துவது அவருடைய வழக்கம். அதை விட்டு, பின்னால் எடுக்கும் நீளத்தை மட்டும் கூட்டி, "ஒண்டு, ரெண்டு" என்ற தாளத்தை எல்லாத் தூரத்துக்கும் ஒன்றாக வைத்தார். கம்பளத்தில் எண்ணிக்கை இறங்கியது. 18க்கு 9, 10 என்றுதான் வந்தது. அவர் சோர்ந்தார், நான் சோரவில்லை.

மே ஆட்டத்தில் 38 தட்டு, மூன்று தட்டுக் குழி 4.

திசையும் கச்சான் காற்றும்

வேகம் கொஞ்சம் பிடிபட்டதால் மே நடுவில் திசையைத் தொட்டோம். குறி இடப்பக்கம் போனதற்குக் காரணம் எளிதாக அகப்பட்டது. அவரைக் குனிந்து நிற்கச் சொல்லி, மூக்குத் தண்டுக்கு நேரே வைத்து ஒரு பந்தைக் கீழே விடச் சொன்னோம். அது தரையில் இருந்த பந்துக்கு மூன்றரை அங்குலம் உள்ளே, அவருடைய கால்பக்கம் விழுந்தது. கண் கோட்டுக்கு மேலே இல்லாமல் பக்கத்திலிருந்து பார்த்தது. அவரைப் பந்துக்குக் கிட்ட நிற்க வைத்தோம். மேசன் நூலைத் தரையிலிருந்து முழ உயரத்தில் இழுத்துக் கட்டி, அதன் நேர் கீழே பந்தை வைத்துப் பழகினார். பந்துக்கு ஒன்றரை அடி முன்னால் இரண்டு கரம் காய்களை 2 அங்குல இடைவெளியில் வைத்தோம். காயைத் தொடாமல் போனால் புறப்பாடு சரி.

எதிர்பார்த்தது போலவே ஜூன் ஆட்டம் குழம்பியது, 39. வலப்பக்கமாக நிறையத் தவறினார். மணிக்கட்டுப் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜூலையில் 36.

ஓகஸ்டில் 40. முதலில் எனக்கும் விளங்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தால் பிழை தலைகீழ்: நீளத் தட்டுகள் குழியைத் தாண்டிப் போயிருந்தன. இரண்டு கிழமையாகக் கச்சான் காற்று அடித்து, அன்று பத்து மணிக்கே புல் காய்ந்து கிரீன் வேகமாகியிருந்தது. அவருடைய கை கம்பளத்தை நம்பிப் போயிருந்தது. அதன் பிறகு ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம் ஒதுக்கினோம். அந்த நேரத்தில் தூர அடி பழகுவதில்லை. பழகும் கிரீனில் 30 அடித் தட்டுகள் மட்டும், அதுவும் குழியைக் குறிவைக்காமல் கிரீனின் ஓரத்தை நோக்கி. புல் சாய்ந்திருக்கும் பக்கத்தையும் பார்க்கப் பழகினார். நின்று பார்க்கும்போது புல் மினுங்கினால் அது நம்மை விட்டு அப்பால் சாய்ந்திருக்கிறது, பந்து கூட ஓடும். மங்கலாகத் தெரிந்தால் புல் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பந்து பிடிபடும்.

2019 விதிமாற்றத்துக்குப் பிறகு கொடிக்கம்பைக் குழியிலேயே விட்டுத் தட்டலாம். நீளத் தட்டுகளுக்கு அவர் அதை எடுக்காமல் விட்டார். தூரத்தைக் கணிக்க அது கண்ணுக்கு உதவுகிறது என்றார். புத்தகத்தில் அதற்குத் தனிக் கணக்கு நான் வைக்கவில்லை.

முடிவு

செப்டெம்பர் ஆட்டம்: 35 தட்டு. ஒன்றில் முடிந்தவை 3, இரண்டில் 13, மூன்றில் 2. பெப்ரவரியோடு ஒப்பிட்டால் 6 தட்டுக் குறைவு. தூர அடியும் தட்டும் சேர்ந்த மொத்த எண்ணிக்கை 96இலிருந்து 91க்கு வந்தது. ஒரு தட்டு வேறெங்கோ போய்விட்டது, பெரும்பாலும் மைதானத்தில் தடையாக வைத்திருக்கும் மணல் குழியில்.

மாறாததையும் எழுத வேண்டும். 5 முதல் 8 அடித் தட்டுகளில் அவர் முன்பு போட்டதற்கும் இப்போது போடுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திசைப் பயிற்சி அங்கே கூடுதலாகக் காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. அந்தத் தூரத்தில் அவர் தட்ட வேண்டி வரும் தடவைகள் குறைந்தன, பலன் அதிலிருந்துதான் வந்தது. அதோடு எட்டு ஆட்டம் என்பது சின்னக் கணக்கு. 35 ஒரு நல்ல நாளின் எண்ணாகவும் இருக்கலாம். மூன்று தட்டுக் குழிகள் 7இலிருந்து 2க்கு இறங்கியதைத்தான் நான் கூடுதலாக நம்புகிறேன்.

பிடியை அவர் மறுபடி பழைய மாதிரி, வலக் கை கீழே இருக்கும்படி மாற்றிக்கொண்டார். ஓகஸ்டிலோ செப்டெம்பரிலோ, எப்போது என்று நான் கவனிக்கவில்லை. கை நடுக்கத்தைப் பற்றி அவர் பிறகு கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த முறை மாற்றுவது

ஒரு பந்து முறையை முதல் நாளிலேயே தொடங்குவேன். ஏப்ரல் முழுக்க என்னுடைய பிழையில் போனது.

ஒவ்வொரு ஆட்டத்தன்றும் அலுமினியத் துண்டைக் கொண்டுபோய்க் கிரீனின் வேகத்தைக் குறிப்பேன். மார்ச்சில் ஒரு தடவை அளந்துவிட்டு, ஓகஸ்டிலும் அதே தரை என்று இருந்துவிட்டோம்.

கம்பளத்தில் நாங்கள் பழகியது முழுக்கச் சமதரை. சீனக்குடாவில் செப்டெம்பரில் மூன்று தட்டுப் போன இரண்டு குழிகளும் சரிவில் இருந்தவை, இரண்டிலும் மேலிருந்து கீழே தட்டியவை. ஒக்டோபர் மழையோடு கம்பளத்தைச் சுருட்டிப் பரணில் ஏற்றியாயிற்று. மருமகளுக்கும் சோதனை நெருங்குகிறது. தை கழிந்து திரும்ப விரிக்கும்போது ஒரு பக்கத்துப் பாய்க்கு அடியில் பலகை கொடுத்து உயர்த்திப் பார்ப்பதாக இருக்கிறோம். பலகை இரண்டை அவர் இப்போதே விறாந்தை மூலையில் சாத்தி வைத்திருக்கிறார்.